இடுப்பு வரைக்கும்தான் வெட்டினேன்

சார், பார்த்தா படிச்சவர் மாதிரி தெரியறீங்க, ஒண்ணு கேக்கறேன். 'இரண்டாக வெட்டினார்'னு ஒரு இடத்துல எழுதியிருக்குன்னு வைங்க. அதுக்கு என்ன அர்த்தம்? இந்தப் பக்கம் ஒரு துண்டு, அந்தப் பக்கம் ஒரு துண்டு. அதானே? இப்ப ஒரு துணியைக் கீழேருந்து இடுப்பு வரைக்கும் வெட்டிட்டு ஒருத்தன் நிறுத்திட்டான்னா, அது ரெண்டா வெட்டினதாகுமா? ஆகாது இல்ல? அதைத்தான் நானும் சொல்றேன்.

பையை இப்படி என் மடியில வெச்சுக்கறேன், நீங்க நல்லா சாஞ்சு உக்காருங்க. வந்தவாசி வரைக்கும் போறேன். நீங்க உத்திரமேரூர்னு டிக்கெட் வாங்கினதைக் கேட்டேன். என் பேர் தணிகாசலம். தாலுகா ஆபீஸ்ல ஹெட் கிளார்க்கா ரிட்டயர் ஆனேன். முப்பத்தாறு வருஷ சர்வீஸ். பட்டாவுல ஒரு வார்த்தை மாறி விழுந்தா ஒரு குடும்பம் தெருவுக்கு வந்துடும் சார். அப்படி ஒரு வேலை. அதனாலதான் இந்த வார்த்தையை என்னால விட முடியலை.

மெட்ராஸ்ல ஒரு மியூசியத்துக்குப் போயிட்டு வரேன். இது மூணாவது தடவை. 'நூறு ஆண்டு, நூறு உடை'ன்னு ஒரு கண்காட்சி நடக்குது. நம்ம பக்கத்துப் பொம்பளைங்க நூறு வருஷமா என்னென்ன உடுத்தினாங்கங்கறதுதான் விஷயம். ஜாக்கெட் போடாத காலத்துப் புடவை, அப்புறம் பஃப் கை வெச்ச ஜாக்கெட், தேயிலைத் தோட்டத்துப் பொம்பளைங்க இடுப்புல சுத்திக்கற சாக்கு, நர்ஸம்மா தொப்பி, எல்லாம் வெச்சிருக்காங்க. மாடியில இந்தக் காலத்து டிசைனருங்க தெச்சது. தலையே இல்லாத பொம்மைங்களுக்குப் போட்டு நிறுத்தியிருக்காங்க. விளக்கு மங்கலாத்தான் எரியுது. வெளிச்சம் பட்டா துணி வெளுத்துடுமாம்.

அதுல அறுபத்தெட்டாவது கண்ணாடிப் பெட்டியில என் சம்சாரத்தோட சுடிதார் இருக்கு.

ஆமா சார். மனோரஞ்சிதம்னு பேர். அவ போய் ரெண்டு வருஷம் ஆச்சு.

எங்க பென்ஷனர் சங்கத்துச் செயலாளர்தான் பேப்பர்ல வந்த கண்காட்சிப் படத்தைக் கொண்டுவந்து காட்டினார். "இது உங்க வீட்டம்மா தானே?"ன்னார். கண்ணாடியைப் போட்டுக்கிட்டுப் பார்த்தேன். மைதானத்துல ஏழெட்டுப் பொண்ணுங்க, நடுவுல இவ. பச்சை சுடிதார், கழுத்துல விசில். சிரிச்சுக்கிட்டு இருந்தா. நான் மொதல்ல இல்லைன்னுதான் சொன்னேன். பொய் சொல்லலை சார், எனக்கு நிஜமாவே அடையாளம் தெரியலை. அவ அப்படிச் சிரிச்சு நான் பார்த்ததில்லை.

மறுநாளே பஸ் ஏறினேன். பெட்டிக்குக் கீழே ஒரு அட்டை வெச்சிருந்தாங்க. மனப்பாடமா சொல்றேன், கேளுங்க. 'சுடிதார், 1993. பருத்தி. உடற்கல்வி ஆசிரியை கோ. மனோரஞ்சிதம் தானே தைத்தது. கணவர் இதை இரண்டாக வெட்டினார். ஆசிரியை மறுபடி தைத்து மைதானத்தில் அணிந்தார். இதையும், இதே அளவில் தைத்த வேறு உடைகளையும் ஓய்வு பெறும்வரை இருபத்தைந்து ஆண்டுகள் அணிந்தார். வீட்டுக்குத் தெரியாது.'

வீட்டுக்குத் தெரியாதாம். வீடுன்னா யாரு சார்? நான்தானே.

நடந்ததை நடந்தபடி சொல்றேன், நீங்களே சொல்லுங்க. அவ எங்க ஊர்ப் பொம்பளைப் பிள்ளைங்க ஸ்கூல்ல பி.டி. டீச்சர். கல்யாணத்துக்கு முந்தி மாவட்ட அளவுல ஓடி கப்பெல்லாம் வாங்கினவ. நான் வேலைக்குப் போகக்கூடாதுன்னு ஒரு நாளும் சொன்னதில்லை. அதையும் எழுதணுமா இல்லையா? டீச்சருங்கன்னா புடவைதான் அந்தக் காலத்துல. பி.டி. டீச்சரும் புடவைதான். முந்தானையை இழுத்துச் சொருகிக்கிட்டு, அங்கங்க பின் குத்திக்கிட்டு, அதோட விசில் ஊதிக்கிட்டு ஓடுவாங்க. எல்லா ஊர்லயும் அப்படித்தான் இருந்தாங்க. இவ மட்டும் என்ன?

தொண்ணூத்தி மூணுல ஒருநாள் கோ-கோ சொல்லிக் கொடுக்கும்போது புடவை கால்ல சிக்கி விழுந்துட்டா. முட்டியில நல்ல அடி. அது பெரிசில்லை. புடவை அவுந்துபோச்சு. காம்பவுண்டு சுவர் கட்டிக்கிட்டிருந்த ஆளுங்க பார்த்துட்டாங்க. ஒருத்தன் சிரிச்சிருக்கான். வீட்டுக்கு வந்து இதை என்கிட்ட சொன்னா. நான் என்ன சொன்னேன்னா, "பார்த்து ஓடக்கூடாதா?"ன்னு கேட்டேன். தப்பா சொல்லிட்டேனா? அக்கறையாத்தானே சொன்னேன்.

அந்த சனிக்கிழமை அவ துணி எடுத்துட்டு வந்தா. பாட்டில் பச்சை. ஞாயித்துக்கிழமை பூரா மிஷின்ல உக்காந்து தெச்சா. சாயங்காலம் போட்டுக்கிட்டு ரூமுக்குள்ளேருந்து வெளியே வந்தா. நான் பேப்பர் படிச்சுக்கிட்டிருந்தேன். எங்க பொண்ணு பூங்கோதை, அப்ப ஒம்பது வயசு, கை தட்டினா. இவ கண்ணாடி முன்னாடி நின்னு ஒரு காலை முன்னால எட்டி வெச்சுப் பார்த்தா, தாண்டறதுக்கு நிக்கற மாதிரி. அப்புறம் என் பக்கம் திரும்பி, "எப்படி இருக்குங்க?"ன்னா.

"யாரைக் கேட்டு இது?"ன்னேன்.

"ஹெச்.எம்.மைக் கேட்டுட்டேன். கிரவுண்டுக்கு மட்டும் போட்டுக்கச் சொல்லிட்டாங்க."

"என்னைக் கேட்டியா?"

"இப்பதான் கேக்கறேன்ல?"ன்னு சிரிச்சா.

அந்தச் சிரிப்புதான் சார் எனக்கு ஆகலை. சின்ன ஊர். நான் கவர்மென்ட் ஆபீஸ்ல இருக்கறவன். நாளைக்கு டீக்கடையில நாலு பேர், "தணிகாசலம் பொண்டாட்டி காலேஜ் பொண்ணு மாதிரி போறாளே"ன்னு பேசினா, நான் எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு அந்தத் தெருவுல நடக்கறது?

திங்கக்கிழமை காலையில அவ குளிக்கப் போனா. கட்டில் மேல அதை மடிச்சு வெச்சிருந்தா, பக்கத்துல விசில். மிஷின் டிராயர்ல கத்தரிக்கோல் இருந்துது. எடுத்தேன். கீழ் ஓரத்துலேருந்து நேரா மேல வெட்டினேன். இடுப்பு வரைக்கும்தான். அதுக்கு மேல மனசு வரலை, நிறுத்திட்டேன். பேன்ட்டைத் தொடவே இல்லை. துப்பட்டாவைத் தொடவே இல்லை.

அவ ஈரத் தலையோட வந்து வாசப்படியில நின்னா. பார்த்தா. கத்தினாளா? இல்லை. அழுதாளா? இல்லை. என் கையிலேருந்து கத்தரிக்கோலை வாங்கி, டிராயர்ல இருந்த இடத்துலயே வெச்சு மூடினா. "இட்லி ஆறிடும், வாங்க"ன்னா. புடவையைக் கட்டிக்கிட்டு ஸ்கூலுக்குப் போயிட்டா. எனக்கு ஒரு பக்கம் சங்கடம்தான், ஆனா இன்னொரு பக்கம் நிம்மதி. சொன்னா புரிஞ்சுக்கறவன்னு நினைச்சேன். அதுக்கப்புறம் அவ செத்துப்போற வரைக்கும் அந்தப் பேச்சை எடுத்ததே இல்லை. நானும் எடுக்கலை. நல்லாத்தான் குடும்பம் நடத்தினோம் சார். ஊர்ல யாரை வேணா கேளுங்க.

இப்ப அந்த அட்டையைப் படிச்சா எனக்கு எப்படி இருக்கும்? நான் என்ன கத்தரிக்கோலை எடுத்துக்கிட்டு வெறி பிடிச்சு ரெண்டா கிழிச்சவனா?

கண்காட்சியைப் பார்த்துக்கறது யாமினின்னு ஒரு பொண்ணு. முப்பது முப்பத்தஞ்சு வயசு இருக்கும், மரியாதையான பொண்ணு. நான்தான் அந்தக் கணவர்னு சொன்னதும் எழுந்து நின்னுடுச்சு. நாற்காலி போட்டுச்சு, தண்ணி கொடுத்துச்சு. "இந்தத் துணி உங்களுக்கு எப்படிம்மா கிடைச்சுது?"ன்னு கேட்டேன். "உங்க மகள் கொடுத்தாங்க சார்"னு சொல்லிச்சு.

பூங்கோதை ஓசூர்ல இருக்கா. அவ அம்மா போனதுலேருந்து என்கிட்ட பேச்சு இல்லை. மாசத்துக்கு ஒருதடவை 'மாத்திரை வாங்கியாச்சா'ன்னு மெசேஜ் வரும். 'ஆச்சு'ன்னு போடுவேன். அவ்வளவுதான்.

ஏன்னு கேக்கறீங்களா? சொல்றேன். ரஞ்சிதத்தைக் குளிப்பாட்டி கிடத்தியிருந்தப்ப, பூங்கோதை ஒரு துணிப்பையை எடுத்துக்கிட்டு என்கிட்ட வந்தா. "அப்பா, அம்மா ஆஸ்பத்திரியில இருக்கும்போது என்கிட்ட ஒண்ணு கேட்டாங்க. இதைப் போட்டு அனுப்பணும்னு ஆசைப்பட்டாங்க"ன்னா. நான் பைக்குள்ள என்னன்னு பார்க்கலை. சொந்தக்காரங்க எல்லாம் நின்னுக்கிட்டிருக்காங்க. "சுமங்கலியா போறா. கூரைப்புடவைதான் கட்டணும். அதை உள்ள வை"ன்னேன். "ஒருதடவை திறந்து பாருங்கப்பா"ன்னா. "உள்ள வைடி"ன்னு கத்திட்டேன். எல்லாரும் திரும்பிப் பார்த்தாங்க. அவ பையை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு உள்ள போயிட்டா. காரியம் முடிஞ்ச மறுநாள் கிளம்பினவதான்.

அந்தப் பையில இருந்தது இதுன்னு எனக்கு அந்த மியூசியத்துல வெச்சுத்தான் தெரியும்.

சரி. ரெண்டாவது தடவை போனப்ப எழுத்து மூலமா மனு கொடுத்தேன். நகல் பையில இருக்கு, வேணும்னா காட்டறேன். மூணு திருத்தம் கேட்டிருந்தேன். 'கோ.'ன்னு அவங்க அப்பா இனிஷியல் போட்டிருக்கறதை எடுத்துட்டு 'த.'ன்னு என் இனிஷியல் போடணும். 'இரண்டாக'ங்கறதை எடுத்துட்டு 'இடுப்பு வரை'ன்னு போடணும். அப்புறம், 'வீட்டுக்குத் தெரியாது'ங்கறதை எடுத்துட்டு 'பிற்பாடு கணவரின் அனுமதியோடு'ன்னு போடணும்.

ஆமா, அப்படித்தான் எழுதிக் கொடுத்தேன். எனக்குத் தெரியும், நான்தான் சம்மதிச்சேன்னு. கையெழுத்தும் போட்டேன். முப்பத்தாறு வருஷத்துல ஒரு பொய்யான காகிதத்துல கையெழுத்து போடாதவன் சார் நான். என்ன பண்றது? இருபத்தஞ்சு வருஷம் தன் பொண்டாட்டி என்ன உடுத்திக்கிட்டு வேலை பார்க்கறான்னு தெரியாம ஒரு ஆம்பளை இருந்தான்னு ஊர் உலகம் வந்து படிச்சுட்டுப் போகுமே.

இன்னிக்குப் பதிலுக்காகப் போனேன். யாமினி என்னை நேரா பெட்டிகிட்ட கூட்டிக்கிட்டுப் போச்சு. புது அட்டை வெச்சிருந்தாங்க. "சார், இனிஷியலை மாத்த முடியாது. ஸ்கூல் ரெஜிஸ்டர்ல கடைசி வரைக்கும் 'கோ.'ன்னுதான் இருக்கு. அவங்க மாத்திக்கவே இல்லை. மூணாவதைப் பத்தி உங்க மகள்கிட்டதான் கேக்கணும். ஆனா ரெண்டாவது நீங்க சொன்னதுதான் சரி. லென்ஸ் வெச்சுப் பார்த்தோம். வெட்டு இடுப்போட நிக்குது. எங்க தப்புதான், மன்னிச்சுக்குங்க சார்"னு சொல்லிச்சு.

'கணவர் இதைக் கீழிருந்து இடுப்பு வரை வெட்டினார்.' அப்படியே போட்டிருந்தாங்க. நான் கேட்டபடியே. படிச்சேன். இன்னொருதடவை படிச்சேன்.

"ஏன் சார் அதோட நிறுத்தினீங்க?"ன்னு அந்தப் பொண்ணு கேட்டுச்சு. குத்திக் காட்டற மாதிரி இல்லை. தெரிஞ்சுக்கத்தான் கேட்டுச்சு.

"மனசு வரலைம்மா"ன்னேன். உங்ககிட்டயும் அப்படித்தான் சொன்னேன் இல்ல? கண்ணாடிக்குள்ள அந்தத் தையலைப் பார்த்துக்கிட்டே சொன்னேன். பச்சைத் துணியில மஞ்ச நூல். சீரா இல்லை, கையால அவசர அவசரமா போட்ட தையல். இடுப்புகிட்ட வந்து நிக்குது. அந்த இடத்தைப் பார்த்ததும் எனக்கு அந்தக் காலை நேரம் அப்படியே வந்துடுச்சு சார். குளியல் ரூம் தாழ்ப்பாள் திறக்கற சத்தம் கேட்டுது. அதான் நிறுத்தினேன். மனசும் இல்லை, ஒண்ணும் இல்லை. இன்னும் ஒரு நிமிஷம் அவ குளிச்சிருந்தா கழுத்து வரைக்கும் போயிருப்பேன்.

முப்பது வருஷத்துக்கு மேல மனசு வரலைன்னே நினைச்சுக்கிட்டு இருந்திருக்கேன் பாருங்க.

கொஞ்சம் அந்த ஜன்னலை இறக்குங்க சார், காத்து மூஞ்சியில அடிக்குது. ம்... போதும்.

அந்தப் பெட்டிக்குப் பின்னாடி ஒரு தடுப்பு இருக்கு. முன்ன ரெண்டு தடவையும் நான் அந்தப் பக்கம் போகலை. அட்டையோட சண்டை போட்டுட்டுத் திரும்பிட்டேன். இன்னிக்கு யாமினிதான், "வீடியோ பார்த்தீங்களா சார்?"னு கேட்டுச்சு. அங்க ஒரு சின்ன டிவி ஓடிக்கிட்டிருந்துது. முன்னாடி ஒரு பொம்பளை நின்னு பார்த்துக்கிட்டிருந்தாங்க, நாப்பது வயசுக்குப் பக்கத்துல, தலையில முக்காடு. யாமினிக்கு போன் வந்து அந்தப் பக்கம் போயிடுச்சு. நான் அந்தப் பொம்பளைக்குப் பக்கத்துல போய் நின்னேன்.

ரெண்டாயிரத்து மூணாம் வருஷத்து ஸ்கூல் விளையாட்டு விழா. டீச்சருங்களுக்கு ஓட்டப்பந்தயம். ஆறு பேர் நிக்கறாங்க, அஞ்சு பேர் புடவை. நுனியில இவ, பச்சை சுடிதார், துப்பட்டாவை குறுக்கே கட்டியிருக்கா. விசில் அடிச்சதும் ஓடறா.

எப்படிச் சொல்றது உங்களுக்கு... நாப்பத்தி மூணு வயசு சார் அவளுக்கு. பின்னல் பின்னாடி பறக்குது. கால் தரையில படுதா இல்லையான்னு தெரியலை. மத்தவங்க பாதி தூரம் வரும்போது இவ கயித்தைத் தாண்டிட்டா. பொண்ணுங்க ஓடிவந்து கட்டிப்பிடிக்கறாங்க, இவ வாயைத் திறந்து சிரிக்கறா. சிரிச்சுக்கிட்டே இருக்கும்போது சட்டுனு இடது பக்கம் திரும்பிப் பார்க்கறா. ஒரே ஒரு வினாடி. அந்த ஒரு வினாடி முகத்துல சிரிப்பு இல்லை. அப்புறம் திரும்பி மறுபடி சிரிக்கறா. அதோட முடிஞ்சு மொதல்லேருந்து ஓடுது. மொத்தமே நாப்பது செகண்டுதான்.

நாப்பத்தோரு வருஷம் கூட வாழ்ந்திருக்கேன். அவ ஓடி நான் பார்த்ததில்லை.

அஞ்சாறு தடவை பார்த்திருப்பேன். வாயை விட்டுக் கேட்டுட்டேன், "எதைத் திரும்பிப் பார்க்கறா?"ன்னு.

பக்கத்துல இருந்த அம்மா, "ஸ்கூல் கேட்டைப் பார்க்கறாங்க ஐயா"ன்னாங்க.

ரஹ்மத்துன்னிசான்னு பேராம். செங்கல்பட்டுல டிரைவிங் ஸ்கூல் நடத்தறாங்களாம். "நான் டீச்சர்கிட்ட ஏழு வருஷம் கோ-கோ ஆடினேன். இந்த வீடியோவே எங்க அண்ணன் எடுத்ததுதான்"னு சொன்னாங்க. கண்ணைத் துடைச்சுக்கிட்டுச் சிரிச்சுக்கிட்டே சொல்றாங்க. "டீச்சர் வீட்டு சார் வந்துடுவாரோன்னு பார்ப்பாங்க. கிரவுண்ட்ல இருக்கற நேரமெல்லாம் கேட்டுல ஒரு பொண்ணு நிக்கணும். முறை வெச்சு நிப்போம். சாரோட சாம்பல் கலர் ஸ்கூட்டர் தெருமுனை திரும்பினா, 'டீச்சர், தபால்!'னு கத்திக்கிட்டு ஓடணும். உடனே ஸ்போர்ட்ஸ் ரூமுக்குள்ள போய் புடவை கட்டிக்குவாங்க. ஒருத்தி கொசுவம் பிடிப்பா, ஒருத்தி பின் குத்துவா. ரெண்டே நிமிஷம். வெட்டின இடத்தைத் தெச்சதுகூட அந்த ரூம்ல வெச்சுத்தானாம். எங்களுக்கு முந்தின செட் அக்காங்க சொல்வாங்க. கொடி தைக்க வெச்சிருந்த மஞ்ச நூல்தான் இருந்துச்சாம்." அதோட விடலை. "ஸ்கூட்டர் நம்பர்கூட எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு. நாலு நாலு ஒண்ணு ஏழு"ன்னாங்க.

என் நம்பர் சார்.

'டீச்சர், தபால்.' நான் அதை எத்தனை தடவை கேட்டிருப்பேன்! வண்டியை நிறுத்தும்போதெல்லாம் ஒரு பொண்ணு கத்திக்கிட்டு ஓடும். இவளுக்கு இவ்வளவு தபால் எங்கேருந்து வருதுன்னு நினைப்பேன். ரெண்டு நிமிஷத்துல இவ வெளியே வருவா. புடவையில ஒரு மடிப்புக் கலைஞ்சிருக்காது. நாள் பூரா கிரவுண்ட்ல நின்னவ எப்படி இவ்வளவு நறுவிசா இருக்கான்னு எனக்குள்ள ஒரு பெருமை. பின்னாடி உக்காரவெச்சு ஊர் நடுவுல கூட்டிக்கிட்டு வருவேன். அவளுக்கு மூச்சு வாங்கும். முதுகுல தெரியும் எனக்கு. வயசாகுது, வேலையைக் குறைச்சுக்கக்கூடாதான்னு கேப்பேன்.

அந்த அம்மா, "நீங்க டீச்சருக்கு என்ன வேணும்?"னு கேட்டாங்க.

"ஊர்க்காரன்மா"ன்னேன்.

"அப்ப அந்த சாரைத் தெரிஞ்சிருக்குமே. எப்படி இருக்கார்?"

"இருக்கார்."

"நாங்க அவரைத் திட்டினா டீச்சருக்குக் கோபம் வந்துடும் ஐயா. அதட்டுவாங்க. 'கெட்டவர் இல்லடி. பயந்த மனுஷன். நாலு பேர் என்ன சொல்வாங்களோன்னு பயந்தே செத்துக்கிட்டிருக்கார், பாவம்'னு சொல்வாங்க."

பாவமாம். கேட்டுல காவல் போட்டுக்கிட்டு, ஓடிப்போய் ஒளிஞ்சுக்கிட்டு, உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு இருந்தவ அவ. என்னைப் பார்த்துப் பாவம்னு சொல்லியிருக்கா.

வெளியே வந்து மியூசியம் தோட்டத்துல ஒரு மரத்தடியில உக்காந்தேன். பூங்கோதைக்கு போன் போட்டேன். ரெண்டு வருஷத்துல நானா போட்டதில்லை. எடுக்க மாட்டான்னு நினைச்சேன், எடுத்துட்டா.

"என்னப்பா, உடம்புக்கு என்ன?"

"ஒண்ணுமில்லைம்மா. அம்மா ஓடறதைப் பார்த்தேன்."

"போனீங்களா"ன்னா.

"உனக்கு எப்பலேருந்து தெரியும்?"

"ஆறாவது அந்த ஸ்கூல்ல சேர்ந்த அன்னிக்கே தெரியும்ப்பா. நானும்தான் கேட்டுல நின்னேன்."

என் பொண்ணு. பதினோரு வயசுல. என் ஸ்கூட்டரைப் பார்த்து 'தபால்'னு கத்தியிருக்கா.

எனக்குத் தாங்கலை சார். "உங்க ரெண்டு பேருல ஒருத்தராவது என்கிட்ட சொல்லியிருக்கலாமேம்மா"ன்னேன்.

"சொல்லியிருந்தா என்னப்பா பண்ணியிருப்பீங்க?"

கோபமே இல்லாம கேட்டா. நேத்து கேட்டிருந்தா, 'சரின்னு விட்டிருப்பேன்'னு சொல்லியிருப்பேன். அந்த மனுவுல எழுதின மாதிரி கையெழுத்துப் போட்டே கொடுத்திருப்பேன். இன்னிக்கும் அது வாய் வரைக்கும் வந்துது. ஆனா வெளியே வரலை.

"மறுபடி வெட்டியிருப்பேன்மா. இந்தத் தடவை முழுசா"ன்னேன்.

அவ அழ ஆரம்பிச்சா. சின்னப் பிள்ளையில அழுவாளே, மூச்சை இழுத்து இழுத்து, அப்படி. நான் சமாதானம் பண்ணலை. எப்படிப் பண்றதுன்னு தெரியலை. அழுது முடிச்சதும், "ஓசூருக்கு வரட்டுமாம்மா?"ன்னு கேட்டேன்.

"இப்ப வேண்டாம்ப்பா"ன்னா.

"சரிம்மா"ன்னேன். வெச்சுட்டா.

மனுவை வாபஸ் வாங்கறேன்னு யாமினிகிட்ட சொல்லத் திரும்ப உள்ள போனேன். 'வீட்டுக்குத் தெரியாது'ங்கறது இருக்கட்டும்மா, சரியாத்தான் இருக்குன்னேன். அந்தப் பொண்ணு என் கையைப் பிடிச்சுக்கிட்டுச்சு. கிளம்பும்போது தயங்கித் தயங்கி ஒண்ணு கேட்டுச்சு. "சார், டீச்சரோட புடவை ஏதாவது ஒண்ணு தர முடியுமா? சுடிதாருக்குப் பக்கத்துல வைக்கணும். அவங்களுக்கு ரொம்பப் பிடிச்ச புடவையா பார்த்துக் கொடுங்க"ன்னு.

தரேன்னு சொல்லிட்டேன். வீட்டுல பீரோ நிறைய இருக்கு சார். எல்லாம் நான் எடுத்துக் கொடுத்தது. தீபாவளிக்கு, பொங்கலுக்கு, கல்யாண நாளுக்கு, கடையில நானே கலர் பார்த்து, நானே பார்டர் பார்த்து எடுப்பேன். கொண்டுவந்து கொடுத்தா வாங்கிக் கண்ணுல ஒத்திக்குவா. மறுநாள் கட்டிக்கிட்டு வந்து நிப்பா. நான் நல்லா இருக்குன்னு சொல்வேன்.

இதுல எது அவளுக்குப் பிடிச்சது? பஸ் ஏறினதுலேருந்து ஒவ்வொண்ணா நினைச்சுப் பார்த்துக்கிட்டு வரேன். மாம்பழக் கலரா? கத்திரிப்பூவா? எனக்குத் தெரியலை சார். பூங்கோதையைக் கேக்கலாம், ஆனா இப்ப வேண்டாம்னு சொல்லியிருக்கா.

உத்திரமேரூர் வந்துடுச்சு பாருங்க. உங்க குடை, மேல இருக்கு, எடுத்துக்கங்க. பார்த்து இறங்குங்க.

கேட்டிருந்தா சொல்லியிருப்பா. எதையும் வாய் விட்டுச் சொல்ற பழக்கம் அவளுக்கு இல்லைங்கறது... இல்லை சார், அப்படி இல்லை. நான் கேக்கலை.